படத்துல இல்லாத வள்ளம்

சார், ஒரு அடி வடக்கால தள்ளி நில்லுங்க. உங்க நெழலு கடல்ல விழுது. அந்தக் கடல்ல இல்ல, இந்தப் பலகையில இருக்குற கடல்ல. அதுக்கு ஒண்ணும் ஆவாது, இது இன்னும் காயல.

ஆங், அங்கனயே நில்லுங்க. இந்த நாலு கல்லு கெடக்குல்லா, இதுக்குள்ள மட்டும் கால வச்சிராதீங்க. இது என் எடம். எங்க கல்லாந்துறையில இருபத்திமூணு வள்ளம், இருபத்திமூணுக்கும் கரையில எடம் உண்டு. வள்ளமே இல்லாம எடம் வாங்குன ஒரே ஆளு நான்தான். ஊர் கமிட்டி ரெண்டு தடவ கூடி, அடிதடி வரைக்கும் போயி, தீர்ப்பாச் சொன்னது.

நீங்க கேட்டதுக்கு வாரேன். கொடைக்கானல்ல ஓட்டல் வச்சிருக்கேன், சாப்புடுற ஹால் செவுரு முழுக்கக் கடல் வரையணும், ஒரு மாசம் வந்து தங்கிச் செஞ்சு குடுக்கியாப்பான்னு கேட்டீங்க. எனக்குப் புல்லரிச்சிட்டு சார். மலை மேல இருந்துக்கிட்டுக் கடலக் கேக்கீங்க பாத்தீங்களா, அதுதான் ரசனை. இங்க உள்ளவனுக்கு ஒரு மலைய வரைஞ்சு குடுத்தேன்னு வைங்க, மேகம் கட்டியிருக்குன்னு அன்னைக்கிக் கடலுக்குப் போவாம படுத்துக்கிடுவான்.

வர மாட்டேன்னு சொல்லல. ஆனா ஒரு மாசம் கஷ்டம். ரெண்டு நாளுன்னா வாரேன். மூணாவது நாளு நான் இந்த ஸ்டூல்ல இருந்தாவணும். ஏன்னு சொல்லுதேன், உக்காருங்க. கல்லுக்கு வெளிய உக்காருங்க.

என் பேரு ரெமிஜியுஸ். ரெமின்னு கூப்புடுவாங்க. பாலிடெக்னிக்ல ரெண்டாவது வருஷத்தோட நின்னுட்டேன். பெயிலாவி நிக்கல. பாதி வழியில பஸ்ஸ விட்டு எறங்குவோம்லா, அந்த மாதிரி எறங்கிட்டேன். மெஷின் டிராயிங்ல ஒரு போல்ட்டும் நட்டும் வரையச் சொன்னாரு வாத்தியாரு. வரைஞ்சேன். வெறும் பேப்பர்ல தனியாக் கெடக்கப் பாவமா இருந்துச்சு. அதச் சுத்திக் கொஞ்சம் மணலு, ஒரு நண்டு, பின்னால கடலு. இந்த நட்டு எந்த மெஷினுல உள்ளதுடான்னு கேட்டாரு. கரை ஒதுங்குனது சார்னேன். அன்னையோட எனக்கும் அவுங்களுக்கும் முடிஞ்சிட்டு. அதுக்கப்பறம் நாகர்கோயில்ல கேட்டரிங் எட்டு மாசம், திருச்செந்தூர்ல செல்போன் கடை பதினோரு நாளு. எல்லா எடத்துலயும் நல்ல பேரோடதான் வெளிய வந்தேன். சீக்கிரம் வந்துட்டேன், அவ்வளவுதான்.

பாலிடெக்னிக்க விட்டு வந்த அன்னையிலருந்து எங்கப்பா எங்கிட்டப் பேசுறத நிறுத்திட்டாரு. பேரு தொம்மை. பேசாம இருக்குறது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான், ஒரு வாரம், பத்து நாளு. எங்கப்பா ஒரு வருஷம் நாலு மாசம். எதுன்னாலும் எங்கம்மா வழியாத்தான். நான் எதுத்தாப்ல உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருப்பேன். "பிரகாசி, அவனுக்கு மீன் வேணுமான்னு கேளு"ன்னுவாரு. எங்கம்மா என் பக்கம் திரும்பி, மீன் வேணுமாலன்னு கேக்கும். வேணும்னு சொல்லும்மான்னுவேன். எங்கம்மா அந்தப் பக்கம் திரும்பி, வேணுமாம்னு சொல்லும். மீன் சட்டி எங்க மூணு பேருக்கும் நடுவுலதான் இருக்கும் சார்.

ஒரு நாள் அவரு கூடப் போற ரெண்டு பேரும் கல்யாண வீட்டுக்குப் போயிட்டாங்க. வேற வழியில்லாம நான் வள்ளத்துல ஏறுனேன். நடுக்கடலு. நானும் அவரும் மட்டும். எங்கம்மா இல்ல. இப்ப என்ன செய்வாருன்னு எனக்கு ஒரே ஆர்வம். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. அப்பறம் இஞ்சினப் பாத்து, அவன அந்தக் கயித்த இழுத்துப் புடிக்கச் சொல்லுன்னாரு. பத்து ஹார்ஸ்பவர் இஞ்சின் அது. எங்கம்மாவ விடச் சத்தமாப் பேசும். ஆனா ஒரு வார்த்தை எங்கிட்ட வந்து சொல்லல. நான் கயித்தப் புடிக்கவும் இல்ல. தகவல் வரலல்லா.

சரி, படத்துக்கு வாரேன். இது இல்ல, முதல் படம்.

எங்க ஊர்ல ஞாயித்துக்கெழம யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்க. வள்ளம் பூரா கரையில வரிசையா நிக்கும், ஊரு பூரா கோயில்ல நிக்கும். கரையில நானும் ஒரு செவலை நாயும்தான் இருப்போம். சப்பரம் செய்ய வாங்குன பிளைவுட்டுல மிச்சம் ஒரு பலகை கெடச்சிது, ஆறடிக்கு மூணடி. பெயிண்டு, வள்ளத்துக்கு அடிச்சி டப்பாவுல மிஞ்சுனது. அதுனால கலரு அப்படியே அச்சா இருக்கும். கஸ்பார் அண்ணாச்சி வள்ளத்துப் பச்சைய வரையணும்னா கஸ்பார் அண்ணாச்சி டப்பாவுலருந்தே எடுத்துருவேன். அவரக் கேட்டு எடுக்கல, அது வேற விஷயம்.

ஒம்பது ஞாயித்துக்கெழம வரைஞ்சேன். எங்க உக்காந்து வரைஞ்சேன்? அதான் சார் கேஸே. மணல்ல உக்காந்தா ஒரு வள்ளம் இன்னொரு வள்ளத்த மறைக்கும். கொஞ்சம் ஒசரம் வேணும். எங்கப்பா வள்ளம் தெக்கு ஓரத்துல, ஓடைக்கு இந்தப் பக்கம் மேட்டுல தனியா நிக்கும். நான் அதுக்குள்ள ஏறி உக்காந்து வடக்கப் பாத்து வரைஞ்சேன். உள்ள உக்காந்து வரைஞ்சா அந்த வள்ளம் படத்துல வராது. இது எங்க ஊர் பால்வாடிப் பிள்ளைக்குத் தெரியும். கமிட்டிக்குத் தெரியாது.

இன்னொரு சின்ன விஷயம். எனக்கு நேரா முன்னால ஓடை. ஊர் சாக்கடை வந்து கடல்ல சேருற எடம். கறுப்பாத் தண்ணி, முட்டை ஓடு, கோழி றெக்கை. அத வரைய மனசு வரல. என்ன செஞ்சேன், கஸ்பார் அண்ணாச்சியோட பச்சை வள்ளத்த இன்னொரு தடவ அங்கன வரைஞ்சி ஓடைய மூடிட்டேன். தூரத்துல ஒரு பச்சை, கிட்டத்துல ஒரு பச்சை. பாக்கவும் அம்சமா இருந்துச்சு.

வீட்டுக்குக் கொண்டு போனா எங்கம்மா உள்ள விடல. பலகைய வச்சா பீரோக் கதவு தொறக்காதாம். ஊர் சமுதாயக் கூடத்துக்குக் குடுத்துட்டேன். அவுங்களும் ஆசையா வாங்கல, சுவிட்சு போர்டுக்கு மேல ஒரு ஓட்டை இருந்துச்சு, அத மறைக்க மாட்டிக்கிட்டாங்க.

அந்த வருஷம் ஆடியில கச்சான் காத்து அடிச்சிது பாருங்க, கடலு கரையத் தின்னுட்டு. நீங்க உக்காந்துருக்கீங்கல்ல, அங்கனல்லாம் தண்ணி. வள்ளத்தப் பூரா இழுத்து ரோட்டுல, பள்ளிக்கூடக் காம்பவுண்டு ஓரமா ஏத்தி வச்சிட்டாங்க. ஐப்பசியில மணலு திரும்பி வந்துச்சு. எப்படி வந்துச்சு? தோச மாதிரி வந்துச்சு. மேடு இல்ல, பள்ளம் இல்ல, ஓடை இருந்த தடமே இல்ல. இப்ப யாரு வள்ளம் எங்கன நிக்கணும்?

கரைக்குப் பட்டாவா இருக்கு? யாருக்கும் ஒரு துண்டுப் பேப்பர் கெடையாது. எங்கப்பன் இங்கன ஏத்துனான், நானும் இங்கன ஏத்துதேன், அவ்வளவுதான். ஆளாளுக்குக் கரையில எறங்கி எங்கெடம் இது, எங்கெடம் இதுன்னு துடுப்ப ஊனுனாங்க. இருபத்திமூணு வள்ளத்துக்கு முப்பத்தொரு எடம் வந்துச்சு. தலைவர் பிலவேந்திரம் கமிட்டியக் கூட்டுனாரு. அன்னா, கூரை மேல பெரிய தண்ணித் தொட்டி இருக்குல்லா, அந்த ஐஸ் கம்பெனி அவரோடதுதான். நல்ல மனுசன், ஆனா ஒரு முடிவு எடுத்துட்டாருன்னா அந்த முடிவே வந்து கெஞ்சுனாலும் விட மாட்டாரு. வாய்ப்பேச்சு இனி செல்லாது, எழுத்துல எதாவது இருந்தாக் கொண்டு வாங்கன்னுட்டாரு. எழுத்துல எங்கருந்து வரும். அப்பதான் கஸ்பார் அண்ணாச்சி எந்திரிச்சு, கூடத்துல படம் ஒண்ணு இருக்குல்லான்னாரு.

நாலு பேரு சேந்து என் படத்தத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கரைக்கு வாராங்க சார். பின்னால ஊரே வருது. எனக்கு விவரம் தெரியாது. கண்காட்சி வைக்கப் போறாங்கன்னு நெனச்சேன். ஓடிப் போயி சட்டை மாத்திட்டு வந்தேன்.

படத்த மணல்ல ஊனி, தலைவரு மூங்கில் கம்ப வச்சி ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டு எடம் பிரிச்சாரு. முதல் வள்ளம் இது, ரெண்டாவது இது. தூரத்துல உள்ளத நான் சிறுசா வரைஞ்சிருந்தேன். அவுங்களுக்கெல்லாம் சின்ன எடமாக் குடுத்துட்டாரு. வடக்கு ஓரத்து ஆளு ஒருத்தரு கத்துதாரு, என் வள்ளம் முப்பத்திரெண்டு அடி, படத்துல ஒரு சாண் கூட இல்லன்னு. தூரத்துல இருக்குறது சிறுசாத்தான் தெரியும்னு நான் எடுத்துச் சொன்னேன். "அது நேர்ல பெருசா இருக்கு, நீ வரைஞ்சது சிறுசா இருக்கு. யாரு மேல தப்பு?"ன்னு தலைவரு என்னத் திருப்பிக் கேட்டாரு. ஏழாவது வள்ளத்துக்கும் எட்டாவது வள்ளத்துக்கும் நடுவுல அந்தச் செவலை நாயி படுத்துருக்க மாதிரி வரைஞ்சிருந்தேன். அந்த எடத்த அப்படியே நாய்க்கு விட்டாச்சு. நாய்க்கு அதுல பெரிய சந்தோசம்னு சொல்ல முடியாது. அது அன்னையிலருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் படுக்குது.

கடைசியாக் கிட்டத்துல உள்ள பச்சை வள்ளம். கஸ்பார்னாரு தலைவரு. அவருக்குத்தான் ஏற்கெனவே வடக்க ஒண்ணு குடுத்தாச்சேன்னு யாரோ சொன்னாங்க. கஸ்பார் அண்ணாச்சி அசரல. மருமவனுக்கு ஒண்ணு எடுக்கணும்னு மனசுல இருந்துச்சு, பையன் கண்டுபிடிச்சிருக்கான், ஓவியன்னா சும்மாவான்னாரு. என் வாழ்க்கையில என்ன ஓவியன்னு சொன்ன முதல் ஆளு அவருதான். அந்த நேரத்துல எனக்கு என்ன செய்யன்னே தெரியல. நன்றி அண்ணாச்சின்னுட்டேன்.

அப்பதான் எண்ணுதாங்க. படத்துல இருபத்திமூணு. ஊர்ல இருபத்திமூணு. சரியாப் போச்சு, கலைஞ்சி போங்கன்னுட்டாரு தலைவரு.

எங்கப்பா மட்டும் போவல. தலையில துண்டக் கட்டிக்கிட்டு அப்படியே நிக்காரு. தொம்மை, உன் வள்ளம் இதுல இல்லையேன்னு தலைவரு கேக்காரு. நான் குறுக்க விழுந்து, நான் அதுக்குள்ளதான் உக்காந்துருந்தேன் மாமா, போட்டோ எடுக்குறவன் போட்டோவுல வருவானான்னு கேட்டேன். "இப்பல்லாம் வாரானுவளே, செல்பில"ன்னாரு கஸ்பார் அண்ணாச்சி. ஊரே சிரிச்சிட்டு. நல்ல பதில் சார் அது. என் பக்கம் இருந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேன். கிட்டத்துல உள்ள பச்சை நானா வச்சது, அழகுக்கு வச்சதுன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல. இல்லாத வள்ளத்த எவனாவது வரைவானால, இருக்குற அப்பன் வள்ளத்த எவனாவது விடுவானால. அப்பனும் மவனும் பேசுறது இல்ல, வேணும்னே விட்டுருக்கான். கூட்டத்துல யாரு சொன்னதுன்னு தெரியல. எங்கப்பாவுக்குக் கேட்டுருக்கும். எனக்கே கேட்டுச்சே.

அதுலருந்து எங்கப்பா வள்ளம் ரோட்டுலயே நின்னுட்டு. ரோட்டுலருந்து தண்ணி வரைக்கும் இழுக்க எட்டு பேரு வேணும். முதல் நாலு நாளு ஆளு வந்தாங்க. அப்பறம் அவுங்க வேலையப் பாக்கணும்லா. விடியக்கருக்கல்ல எறங்க வேண்டியவரு ஏழு மணி, எட்டு மணின்னு எறங்குனாரு. அந்நேரம் போயி மீனுகிட்ட என்ன பேச முடியும்? கூட வந்த ரெண்டு பேரும் வேற வள்ளம் பாத்துக்கிடுதோம்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. வள்ளத்த வித்துட்டுப் போலாம் பிரகாசின்னு எங்கம்மாகிட்ட ஒரு நாள் சொன்னாரு. அவன்கிட்ட சொல்லுன்னு சொல்லல. எங்கம்மாகிட்டயேதான் சொன்னாரு.

நான் சும்மா இருப்பேனா. மத்தியானம் ஊரே படுத்துருக்க நேரமாப் பாத்து, நீலப் பெயிண்டோட கூடத்துக்குப் போனேன். எங்கப்பா வள்ளம் நீலம். எங்கன வைக்க? படத்துல காலி எடம் நாய்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. நாய அழிச்சி வள்ளத்த வச்சிட்டேன். நல்லாத்தான் வந்துச்சு. எனாமலு சார், காய ஒரு நாளாவது வேணும். சாயந்திரம் கோயில் காரியம் பாக்குற உபதேசியாரு வந்து சுவிட்சப் போட்டுட்டு அப்படியே அதுல சாஞ்சி நின்னுருக்காரு. பூசையில பாக்கோம், வெள்ளைச் சட்டையில முதுவு பூரா நீலம், பாதி வள்ளம் அதுல தெரியுது.

ரெண்டாவது கூட்டம். ஊர் ஆவணத்தத் திருத்துனது குத்தம். ஆவணம்னு சொன்னாங்க சார், சுவிட்சு போர்டு ஓட்டைய அடைச்சி வச்சிருந்தத. நாய்க்கு அநியாயம் செஞ்சிட்டான்னு ஒருத்தன் பேசுதான், நேத்து வரைக்கும் அந்த நாயக் கல்லால அடிச்சவன். படத்த மறுபடியும் கரைக்குக் கொண்டு வந்து வச்சிருந்தாங்க. என்ன ஊர விலக்கணும்கிற அளவுக்குப் பேச்சுப் போயிட்டு.

அப்பதான் எங்கப்பா எந்திரிச்சாரு. அவரு கமிட்டியில வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. "இந்தப் படத்த எங்க நின்னு பாத்து எடம் பிரிச்சீய?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான் கேட்டாரு.

எல்லாரும் முழிக்காங்க. எங்க நின்னா என்னன்னு தலைவரு கேட்டாரு. எங்கப்பா படத்துக்குக் கிட்ட போயி, கோயில் சிலுவைய ஒரு வெரலால தொட்டாரு, ஐஸ் கம்பெனித் தண்ணித் தொட்டிய ஒரு வெரலால தொட்டாரு. படத்துல சிலுவை சரியாத் தொட்டி மேல குத்த வச்ச மாதிரி நிக்கும். நான் கண்ணால கண்டத வரைஞ்சேன், எனக்கு அதுக்கு மேல தெரியாது.

உங்களுக்கு இது புரியணும்னா ஒண்ணு சொல்லணும். கடலுக்கு அடியில பாறை இருக்குற எடத்துலதான் மீனு நிக்கும். அந்த எடத்துக்கு மேல என்ன போர்டா வச்சிருக்கு? இங்க உள்ளவங்க கரையத் திரும்பிப் பாப்பாங்க. அந்தப் பனை இந்தக் கோபுரத்துக்கு நேர வருதா, இந்த விளக்குக் கம்பம் அந்த மேட்டுக்கு நேர வருதா. ரெண்டும் சேந்து வந்தா அதுக்கு அடியில பாறை. அப்பன் மவனுக்குச் சொல்லிக் குடுக்குறது. எங்கப்பாவும் எனக்குச் சொன்னாரு, நான் அப்ப நண்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். இத வச்சித்தான் ஊரே சோறு தின்னுது. அதுனால எங்கப்பா அந்த ரெண்டையும் தொட்டதும் எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சு.

அறுவது எழுவது பேரு சார். சிலுவையையும் தொட்டியையும் பாத்துக்கிட்டே, தலைய ஆட்டாம, பின்பக்கமா நடக்காங்க. தெக்க, இன்னும் தெக்க. சிலுவை மெல்ல மெல்ல நகந்து வந்து தொட்டி மேல ஏறி நிக்குது. அம்புட்டு பேரும் வந்து நின்ன எடம் இந்த எடம். ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறி நிக்கான், ஏன்னா ரெண்டடி தள்ளுனாலும் சிலுவை எறங்கிருது. தலைவரு எவனோ ஒருத்தன் தோள்ல கையூனிக்கிட்டு, சரிதான், படம் இங்கனருந்துதான் வரைஞ்சிருக்குன்னாரு. இங்கனருந்து பாத்து மறுபடியும் எடம் பிரிச்சாங்க. கஸ்பார் அண்ணாச்சியோட ரெண்டாவது வள்ளம் எனக்கு நேர் முன்னால வந்து விழுந்துச்சு. ஒரு வாரத்துல மழை பேஞ்சி, ஓடை பழைய வழியிலேயே ஒடைச்சிக்கிட்டு அது வழியாத்தான் போச்சு. முட்டை ஓடு, கோழி றெக்கை, எல்லாம் அவரு எடத்துல.

ஆனா அன்னைக்கி அவரு விடலயே. சரி, படம் இங்கனருந்து வரைஞ்சது. அதுனால இது படம் வரைஞ்சவன் எடம். ரெமி இங்கன இருந்தான்கிறதுக்குப் படம் சாட்சி, தொம்மை வள்ளம் இங்கன நின்னதுக்கு என்ன சாட்சின்னாரு. வாய்ப்பேச்சு செல்லாதுல்லா. தலைவரு அப்படியே தீர்ப்புச் சொல்லிட்டாரு. எடம் எனக்கு. ரெண்டு கண்டிசன். ஒண்ணு, எல்லா வள்ளத்துக்கும் உள்ளதுதான், மூணு நாள் சேந்தாப்ல எடம் சும்மாக் கெடந்தாப் போச்சு. வள்ளக்காரன் வள்ளத்தோட இருக்கணும், படக்காரன் படத்தோட இருக்கணும். ரெண்டு, வேற யாரு வள்ளமாவது இதுல ஏத்தணும்னா, அந்த ஆளு எங்கிட்ட நேருக்கு நேரா வாயால கேக்கணும், ரெண்டு சாட்சி வேணும்.

மறுநாளு மத்தியானம் நான் ஸ்டூலப் போட்டு உக்காந்துருக்கேன். எங்கப்பா வள்ளம் வந்துட்டு. முழங்கால் தண்ணியில வள்ளத்தப் புடிச்சிக்கிட்டு நிக்காரு. தலைவரு ஒரு பக்கம், உபதேசியாரு ஒரு பக்கம், சாட்சி. வேடிக்க பாக்க மிச்ச ஊரு. எங்கப்பா பழக்கத்துல எங்கம்மாவப் பாத்தாரு. எங்கம்மா கூடையில இல்லாத மீன எண்ணிக்கிட்டு இருக்கு. இஞ்சினப் பாத்தாரு. இஞ்சினும் ஆப் பண்ணிட்டாரு, அது என்ன செய்யும்? அலை வந்து வந்து வள்ளத்தத் தள்ளுது. நான் படத்தப் பாக்குற மாதிரி இருக்கேன். என்ன வரைஞ்சேன்னு கேக்காதீங்க, ஒரே எடத்துல பிரஷ்ஷ வச்சித் தேச்சிக்கிட்டே இருந்துருக்கேன், பலகையில குழி விழுந்துட்டு.

"ரெமி, வள்ளத்த ஏத்திக்கிடட்டுமால?"

ம்-னேன். ம்-ன்னா என்னன்னு தலைவரு கேக்காரு, வாயால சொல்லணுமாம். "ஏத்துங்கப்பா"ன்னேன். ஸ்டூலத் தூக்கி ஓரமாப் போட்டு வழி விட்டேன்.

அதுலருந்து தினம் இதுதான். அவரு கேக்கணும், நான் சொல்லணும். ஒரு வருஷம் நாலு மாசம் பேசாத ஆளு. எனக்கு எவ்வளவு கெத்து யோசிச்சுப் பாருங்க. போவப் போவ அவரு விதியில இல்லாததெல்லாம் சேத்துக் கேக்க ஆரம்பிச்சிட்டாரு. ஏத்திக்கிடட்டுமா, சாப்டியா. ஏத்திக்கிடட்டுமா, வெயில்ல தொப்பி போட்டா என்னல. ஒரு நாள் பின்னால வந்து நின்னு, அலை அப்படி ஒடையாது, முதல்ல ஓரத்துலதான் ஒடையும்னாரு. பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. சாட்சி ரெண்டு பேருக்கும் சலிச்சிப் போச்சு, கேள்வி நீண்டுக்கிட்டே போவுதுன்னு. எனக்கு ஒரு சந்தேகம் சார், எடத்த எங்கிட்டருந்து எழுதி வாங்கத்தான் இப்படிக் கொழையுதாரோன்னு. நான் உசாராத்தான் இருக்கேன்.

இப்ப உங்ககிட்ட உண்மையச் சொல்லணும். அந்த விதியெல்லாம் போயிட்டு. ஈஸ்டர் முடிஞ்ச மறு ஞாயித்துக்கெழம, படம் செல்லாது, இனி நம்பர் போட்ட கல்லுதான்னு கமிட்டி முடிவு பண்ணிட்டு. நாயிக்கு எடம் இல்ல. கஸ்பார் அண்ணாச்சிக்கு ஒண்ணுதான். இருபத்திமூணாம் நம்பரு இந்த எடம், தொம்மைன்னு எங்கப்பா பேருலயே. என் எடம்னு உங்ககிட்ட சொன்னது பழக்க தோசம். யாரும் யாரையும் கேக்க வேண்டாம், நானும் உக்கார வேண்டாம். பூசை முடிஞ்சி மைக்குல சொன்னாங்க.

ரெண்டு மாசம் ஆச்சு. எங்கப்பா இன்னும் கேக்காரு.

பாவம், அவருக்கு யாரும் சொல்லல போல. அன்னைக்கிப் பூசையில முன் வரிசையிலதான் நின்னாரு, ஆனா இடது காது கொஞ்சம் மந்தம், மைக்கு இடது பக்கம். கமிட்டி நோட்டுல கையெழுத்துப் போட்டுருக்காரு, ஆனா அவரு எதையும் வாசிச்சிட்டுப் போடுற ஆளு இல்ல. அந்த இருபத்திமூணாம் நம்பர் கல்ல நட்டதே அவருதான், கடப்பாரை எடுத்துக் குழி தோண்டி. எதுக்கு நடுதோம்னு தெரியாம நட்டுருப்பாரு. வயசாவுதுல்லா. கல்லு இந்தா, என் ஸ்டூலுக்கு அடியிலதான் கெடக்கு. மணலப் போட்டு மூடி வச்சிருக்கேன். எங்கப்பா பாத்துட்டாருன்னா, இம்புட்டு நாளு சும்மாவா இவன்கிட்ட கேட்டோம்னு அவருக்கு எவ்வளவு அவமானமாப் போயிரும். அதுனால நானும் சொல்லல. எங்கம்மாகிட்ட ரகசியமாக் கேட்டேன், அப்பாவுக்குத் தெரியுமான்னு. எங்கம்மா முந்தானைய வாயில வச்சிக்கிட்டுப் போயிட்டு. அதுக்கும் தெரியாது போல.

இப்ப சொல்லுங்க, நான் ஒரு மாசம் கொடைக்கானல்ல உக்காந்துக்கிட்டா, மத்தியானம் வள்ளம் வந்ததும் இந்த மனுசன் யாரக் கேப்பாரு? முழங்கால் தண்ணியில நிக்க வேண்டியதுதான். நீங்க ஒண்ணு செய்யுங்க. உங்க செவுரு என்ன அளவோ அந்த அளவுக்குப் பலகையா அறுத்து இங்க லாரியில எறக்குங்க. நான் இங்கன இருந்தே வரைஞ்சி தாரேன். கடலு வேணும்னா கடலு இருக்குற எடத்துலதான வரையணும். ஓடை வேணுமா வேண்டாமான்னு மட்டும் முதல்லயே சொல்லிருங்க.

அன்னா, சத்தம் கேக்குதா? அந்த நீலம்தான். இன்னும் பத்து நிமிசத்துல கரையத் தொட்டுருவாரு.

எந்திரிக்காதீங்க சார், போயிராதீங்க. விதி போனதுலருந்து சாட்சிக்குன்னு யாரும் வாரதில்ல. எங்கம்மா ஒரு ஆளு இருக்கு, இன்னொரு ஆளுக்குத் தினம் பாடாத்தான் இருக்கு. நேத்து ஐஸ் விக்கிறவர நிறுத்தி வச்சேன், ஐஸ் உருகி அவரு கத்திட்டுப் போனாரு. அதான் உங்ககிட்ட இம்புட்டு நேரம் பேசிக்கிட்டு இருந்தேன். கல்லுக்கு வெளிய, எங்கம்மாவுக்கு இந்தப் பக்கம் நில்லுங்க. அவரு கேப்பாரு, நான் சொல்லுவேன், நீங்க காதுல விழுந்துச்சுன்னு தலைய ஆட்டுனாப் போதும். சிரிக்க மட்டும் செஞ்சிராதீங்க. அவரு நெசம்னு நெனச்சிக் கேக்காரு.